கவுண்ட் சரியாகிவிட்டது; மாத்திரையை ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடலாமா?

கேள்வி: என் கணவருக்கு வயது 48. அரிசி ஆலையில் வேலை பார்க்கிறார். ஒன்பது மாதங்களுக்கு முன் இடது விலாவுக்குக் கீழே கனமாக இருக்கிறது என்று மருத்துவமனைக்குப் போனோம். மண்ணீரல் வீங்கியிருக்கிறது, வெள்ளையணு 1,80,000 இருக்கிறது, இது சி.எம்.எல். என்ற ரத்தப் புற்றுநோய் என்றார்கள். இமாட்டினிப் 400 மில்லிகிராம் மாத்திரை தினம் ஒன்று எழுதிக் கொடுத்தார்கள். இரண்டே மாதத்தில் கவுண்ட் சரியாகிவிட்டது. ஆனால் காலையில் காபி குடித்துவிட்டு மாத்திரை போட்டால் குமட்டுகிறது. கண் இமைகள் வீங்குகின்றன. இரவில் கெண்டைக்கால் இழுத்துப் பிடிக்கிறது. இது சூடான மருந்து, தினமும் போட்டால் கல்லீரலும் கிட்னியும் கெட்டுவிடும் என்று உறவினர்கள் சொன்னதால், நான்கு மாதமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் போடுகிறார். செலவும் பாதியாகிறது. இதை டாக்டரிடம் சொல்லவில்லை. மூன்றாம் மாதம் 6 சதவீதம் என்று வந்த மரபணுப் பரிசோதனை, எட்டாம் மாதம் 4 சதவீதம் என்று வந்திருக்கிறது. மாத்திரை எதிர்பார்த்தபடி வேலை செய்யவில்லை, வேறு மருந்துக்கு மாற்ற வேண்டியிருக்கலாம் என்கிறார் டாக்டர். நாங்கள் வாங்குவது விலை குறைந்த மாத்திரை, அதனால்தான் இப்படியா? இரண்டு வாரமாக இருமலும் இருக்கிறது, மருந்துக் கடையில் ஆன்டிபயாட்டிக் கொடுத்தார்கள். பப்பாளி இலைச் சாறும் கொடுக்கிறேன். தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கும் என் மகள்தான் அப்பாவுக்கு மாத்திரை எடுத்துக் கொடுக்கிறாள். எத்தனை காலம் இதைப் போட வேண்டும்?

நாகப்பட்டினம் மாவட்டத்திலிருந்து ஒரு வாசகி.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தில் ஆறேழு கேள்விகள் இருந்தாலும், என்னைத் தடுத்து நிறுத்தியது கேள்வியாக இல்லாமல் நீங்கள் போகிற போக்கில் எழுதியிருக்கும் ஒரு வாக்கியம்: "இதை டாக்டரிடம் சொல்லவில்லை." புற்றுநோய்ப் பிரிவில் மருந்து வழங்கும் மேசையில் பல ஆண்டுகள் நின்ற மருந்தாளுநர் என்ற முறையில், மற்ற எல்லாவற்றையும் விட முதலில் இதைப் பற்றியே எழுத விரும்புகிறேன். உங்கள் மருத்துவர் கையில் இருப்பது 4 சதவீதம் என்ற ஓர் எண்ணும், தினம் 400 மில்லிகிராம் என்று அவர் எழுதிக் கொடுத்த சீட்டும்தான். அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் எந்த மருத்துவரும், முழு அளவு மருந்து உள்ளே போயும் நோய் போதிய அளவு அடங்கவில்லை என்ற முடிவுக்குத்தான் வருவார். உண்மையில் நான்கு மாதமாக உள்ளே போயிருப்பது பாதி அளவு. பாதி மருந்து சாப்பிட்டவரின் பரிசோதனை முடிவை வைத்து, முழு மருந்து தோற்றுவிட்டதாக முடிவுசெய்யும் நிலைக்கு அவரை நாம் அறியாமலே தள்ளியிருக்கிறோம்.

இதன் விளைவு சிறியதாக இருக்காது. மாற்று மருந்துகளான நிலோட்டினிப், டாசாட்டினிப் ஆகியவை நல்ல மருந்துகளே; தேவைப்படும்போது அவை உயிர் காப்பவை. ஆனால் அவற்றுக்கென்று தனிச் சிக்கல்கள் உண்டு. நிலோட்டினிப் இதயத் துடிப்பின் தாளத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஈ.சி.ஜி. பார்த்துக் கொடுக்கப்படுவது, அதை நாளுக்கு இருமுறை, வெறும் வயிற்றில், சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்தும் அடுத்த உணவுக்கு ஒரு மணி நேரம் முன்பும் போட வேண்டும். டாசாட்டினிப் சிலருக்கு நுரையீரலைச் சுற்றி நீர் கோக்க வைக்கும். தினம் ஒரு மாத்திரை என்ற எளிய முறையே கடினமாக இருந்த ஒருவரை, தேவை உறுதிப்படாமலேயே இன்னும் கடினமான முறைக்கு மாற்றுவது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆகவே அடுத்த சந்திப்பு வரை காத்திராமல், மருத்துவமனைக்குத் தொலைபேசியிலாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள். திட்டுவார்களோ என்ற அச்சம் உங்களுக்கு இருக்கலாம்; உங்கள் கணவருக்கு இன்னும் அதிகமாக இருக்கலாம். மாத்திரையை விட்டதாகச் சொன்னவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்; அவர்களுக்கு வழி கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. சொல்லாதவர்களுக்காகத்தான் நாங்கள் இருட்டில் தேடினோம்.

கவுண்ட் சரியாகிவிட்டதே, பிறகு ஏன் தினமும் என்ற கேள்வி நியாயமானது. காய்ச்சலுக்கு மாத்திரை போட்டோம், காய்ச்சல் நின்றது, மாத்திரையை நிறுத்தினோம் என்பதே நாம் அனைவரும் பழகிய முறை. இந்த நோயின் இயல்பு வேறு. மனித உயிரணுவில் உள்ள 9ஆம் குரோமோசோமும் 22ஆம் குரோமோசோமும் தங்கள் நுனித் துண்டுகளை இடம் மாற்றிக்கொள்வதால், இயல்பில் இல்லாத புதிய மரபணு ஒன்று உருவாகிறது. இப்படிக் குட்டையாகிப்போன 22ஆம் குரோமோசோமை 1960இல் அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் பீட்டர் நோவெல், டேவிட் ஹங்கர்ஃபோர்ட் என்ற இருவர் கண்டறிந்ததால் அதற்குப் பிலடெல்பியா குரோமோசோம் என்றே பெயர். அது இடம் மாறிய துண்டின் வேலை என்பதை 1973இல் ஜேனட் ரௌலி காட்டினார். அந்தப் புதிய மரபணு உண்டாக்கும் நொதி, எலும்பு மஜ்ஜையில் வெள்ளையணுக்களைப் பெருகச் சொல்லி ஓயாமல் கட்டளை இட்டுக்கொண்டே இருக்கும்.

காவிரியின் கடைமடையில் இருப்பவர் நீங்கள். மதகைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. இந்த நொதி, மூட முடியாமல் திறந்தே நிற்கும் மதகு. 2001 மே மாதம் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற இமாட்டினிப், அந்த மதகில் இறக்கிய பலகை. பலகை இருக்கும் வரை வயலில் வெள்ளம் ஏறாது. வயல் காய்ந்திருப்பதைப் பார்த்து, இனி வெள்ளம் இல்லை என்று பலகையைத் தூக்கினால் என்ன ஆகும்? உங்கள் கணவரின் கவுண்ட் சரியாக இருப்பதற்குக் காரணம் அந்த மாத்திரை. நோய் அணுக்கள் இன்னும் மஜ்ஜையில் இருக்கின்றன என்பதைத்தான் அந்த 4 சதவீதம் சொல்கிறது.

ஒரு நாள் விட்டு ஒரு நாள் போடுவதால் உடலுக்குள் நடப்பதையும் கணக்கிட்டுப் பார்க்கலாம். இமாட்டினிப் ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ 18 மணி நேரம் ஆகும். அப்படியானால் 24 மணி நேரம் கழித்து, முதலில் இருந்ததில் ஐந்தில் இரண்டு பங்கு மீதமிருக்கும். அதன் மேல் அடுத்த மாத்திரை வந்து சேர்வதால் அளவு தாழாமல் நிற்கிறது. 48 மணி நேரம் என்றால் மீதம் ஆறில் ஒரு பங்குதான். இரண்டாம் நாளின் பெரும்பகுதியில் மதகுப் பலகை பாதி தூக்கியபடியே இருக்கிறது. அந்த நேரத்தில் பிழைத்து நிற்கும் அணுக்களில், மருந்துக்கே அடங்காத மாற்றம் பெற்றவை தலையெடுக்க இடம் கிடைக்கிறது. டி315ஐ என்று அழைக்கப்படும் ஒரு மாற்றம் தோன்றிவிட்டால், இமாட்டினிப் மட்டுமல்ல, நான் மேலே சொன்ன இரண்டு மாற்று மருந்துகளும் பயன்படா. உங்கள் கணவருக்கு அப்படி ஆகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. அதைக் கண்டறியும் சோதனை தேவையா என்பதை, உண்மை நிலவரம் தெரிந்த பிறகு மருத்துவர் முடிவுசெய்வார்.

இது குறித்து லண்டனில் உள்ள ஹாமர்ஸ்மித் மருத்துவமனையில் 87 நோயாளிகளிடம் நடத்திய ஆய்வு 2010இல் வெளியானது. மாத்திரைப் புட்டியின் மூடியில் ஒரு சிறு மின்னணுக் கருவியைப் பொருத்தி, எந்த நாளில் எந்த நேரத்தில் திறந்தார்கள் என்பதை மூன்று மாதம் பதிவுசெய்தார்கள். எழுதிக் கொடுத்த மாத்திரைகளில் 90 சதவீதத்துக்கு மேல் சாப்பிட்டவர்களில், ஆறு ஆண்டுகளில் நோய் ஆழமாக அடங்கும் வாய்ப்பு 94.5 சதவீதம், 90 அல்லது அதற்குக் கீழே இருந்தவர்களுக்கு அது 28.4 சதவீதம். 80 சதவீதமோ அதற்கும் குறைவாகவோ சாப்பிட்டவர்களில் ஒருவருக்குக்கூட அந்த அளவுக்கு நோய் அடங்கவில்லை. 90 சதவீதம் என்பது மாதத்தில் மூன்று மாத்திரை தவறுவது. உங்கள் கணவர் மாதத்தில் பதினைந்தை விடுகிறார். இந்த ஆய்வை நான் இவ்வளவு விரிவாகச் சொல்வது அவரை அச்சுறுத்துவதற்காக அல்ல. இதே எண்கள் அவருக்கு நம்பிக்கையும் தருகின்றன: மாத்திரை அவரைக் கைவிட்டதாக இன்னும் நிரூபணமாகவில்லை, அதை முழுதாக முயன்று பார்க்க இன்னும் இடமிருக்கிறது.

அந்த மரபணுப் பரிசோதனையின் எண்ணை எப்படிப் படிப்பது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். சாதாரண ரத்தப் பரிசோதனை வெள்ளையணுக்களை எண்ணுகிறது. இது நோய் அணுக்களின் மரபணுத் தடயத்தை எண்ணுகிறது. மரபணுவின் பெயரும் (BCR) சோதனை முறையின் பெயரும் (PCR) தமிழில் எழுதினால் ஒன்றுபோலவே "பிசிஆர்" என்று ஆகிவிடுவதால் பலர் குழம்புகிறார்கள். பெயரை விட்டுவிட்டு எண்ணை மட்டும் கவனித்தால் போதும். மருந்து தொடங்கி மூன்று மாதத்தில் 10 சதவீதத்துக்குள்ளும், ஆறு மாதத்தில் 1 சதவீதத்துக்குள்ளும், ஓராண்டில் 0.1 சதவீதத்துக்குள்ளும் வர வேண்டும் என்பதே எதிர்பார்ப்பு. மூன்றாம் மாதம் 6 என்பது நல்ல தொடக்கம். தினமும் போட்டுவந்த காலத்தில் வந்த எண் அது என்பதைக் கவனியுங்கள். எட்டாம் மாதத்தில் 4 என்பது எச்சரிக்கைக்கு உரியது. இந்தச் சோதனையை மூன்று மாதத்துக்கு ஒருமுறை, முடிந்தவரை ஒரே ஆய்வகத்தில் செய்துகொள்ளுங்கள். ஆய்வகம் மாறினால் எண்களை ஒப்பிடுவது கடினம்.

இனி, அவர் மாத்திரையைக் குறைத்ததற்கான காரணங்களுக்கு வருகிறேன். குமட்டலுக்குப் பெரும்பாலும் காரணம், வெறும் வயிற்றில் காபியோடு போடுவதுதான். இமாட்டினிப் இரைப்பையை உறுத்தும் மருந்து. அதை வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயே, ஒரு பெரிய தம்ளர் தண்ணீருடன் விழுங்க வேண்டும். ஆலைக்கு விடியற்காலையில் கிளம்புகிறவருக்குக் காலை உணவு ஒத்துவராது என்றால், இரவுச் சாப்பாட்டோடு போடலாம். ஆனால் எட்டு மணிக்குச் சாப்பிட்டு மாத்திரையும் போட்டபின், உடனே படுக்காமல் ஒன்றிரண்டு மணி நேரமாவது உட்கார்ந்தோ நடமாடியோ இருக்க வேண்டும். எந்த நேரம் என்றாலும் அது தினமும் ஒரே நேரமாக இருக்கட்டும். அப்படியும் குமட்டினால் அதற்கென்று மாத்திரை உண்டு, மருத்துவர் எழுதித் தருவார். போட்ட பிறகு வாந்தி எடுத்துவிட்டால் அன்றைக்கு இன்னொன்று போட வேண்டாம். மறந்துபோனது அன்றைக்கே நினைவுக்கு வந்தால் உணவோடு போடலாம். மறுநாள் மாத்திரைக்கான நேரம் நெருங்கிவிட்டால் விட்டது விட்டதாகவே இருக்கட்டும். நேற்றையதையும் சேர்த்து இரண்டாக ஒருபோதும் போடக் கூடாது. இதுவரை விட்ட நாட்களை ஈடுகட்டவும் முயல வேண்டாம்.

மாத்திரையை உடைக்கவோ பொடிக்கவோ கூடாது. விழுங்க முடியாத நாள் வந்தால், 400 மில்லிகிராம் மாத்திரையை 200 மில்லி தண்ணீரில் போட்டுக் கரண்டியால் கலக்கி, கரைந்தவுடன் முழுவதையும் குடித்துவிடலாம்.

கண் இமை வீக்கம் இந்த மாத்திரை போடுகிறவர்களில் மிகப் பலருக்கு வருவது. காலையில் எழும்போது அதிகமாகவும் போகப்போகக் குறைந்தும் இருக்கும். பார்க்கச் சங்கடமாக இருந்தாலும், இமையோடு நிற்கும் வரை ஆபத்தில்லை. உப்பைக் குறைப்பது உதவும். உங்கள் பக்கத்துச் சமையலில் கருவாடும், அதோடு அப்பளமும் ஊறுகாயும் எவ்வளவு என்று பாருங்கள், அங்கேதான் குறைக்க வேண்டும். வாரம் ஒருமுறை ஒரே எடைப் பொறியில் எடை பார்த்துக் குறித்து வையுங்கள். ஒரு வாரத்தில் இரண்டு கிலோவுக்கு மேல் ஏறினாலோ, காலும் வயிறும் வீங்கினாலோ, படுத்தால் மூச்சு வாங்கினாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும், ஏனெனில் அது உடம்பில் நீர் கோப்பதன் அடையாளம். கெண்டைக்கால் பிடிப்பும் பழகிய தொல்லையே. ஆலையின் வெப்பத்தில் வேலை செய்கிறவர் தண்ணீர் போதிய அளவு குடிக்கிறாரா என்று கவனியுங்கள். ரத்தத்தில் கால்சியம், மெக்னீசியம், பாஸ்பேட் அளவுகளைப் பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள். முகத்தின் நிறம் முன்னைவிட வெளுத்தாலும் அஞ்ச வேண்டாம். நம்மைப் போன்ற மாநிறத்தவரிடம் அது நன்றாகத் தெரியும், அவ்வளவுதான்.

சூடான மருந்து, கல்லீரலும் கிட்னியும் போய்விடும் என்ற பேச்சில் ஒரு துளி உண்மை இருப்பதால்தான் அது நம்பும்படி இருக்கிறது. இமாட்டினிப் சிலருக்குக் கல்லீரலைப் பாதிக்கும். வெள்ளையணுக்களையும், ரத்தம் உறைய உதவும் தட்டணுக்களையும் அளவுக்கு மீறிக் குறைக்கும். அதைக் கண்டுபிடிப்பதற்காகவே ரத்தப் பரிசோதனைகள் இருக்கின்றன. வெள்ளையணுக்களில் ஒரு வகையான நியூட்ரோபில் அணுக்கள் 1,000க்குக் கீழோ தட்டணுக்கள் 50,000க்குக் கீழோ இறங்கினால் மருத்துவரே மாத்திரையைச் சில நாட்கள் நிறுத்தி, எண்ணிக்கை ஏறியதும் மீண்டும் தொடங்குவார். மாத்திரையை நிறுத்துவது தவறென்று நான் சொல்லவில்லை. நிறுத்துவதற்கு ரத்தப் பரிசோதனைத் தாளில் உள்ள எண்கள் காரணமாக இருக்க வேண்டும், உறவினரின் அச்சம் காரணமாக இருக்கக் கூடாது என்கிறேன். நீண்ட காலம் போட்டால் என்ன ஆகும் என்பதும் இருட்டில் இல்லை. இந்த மருந்தை முதன்முதலில் பரிசோதித்த பெரிய ஆய்வில் சேர்ந்தவர்களைப் பத்தாண்டுகளுக்கும் மேல் தொடர்ந்து பார்த்து 2017இல் முடிவை வெளியிட்டார்கள். இமாட்டினிப்பில் தொடங்கியவர்களில் பத்தாண்டு கடந்து உயிரோடு இருப்போர் விகிதம் 83.3 சதவீதம், ஆண்டுகள் கூடக்கூடப் புதிய பெருங்கேடுகள் எதுவும் தலைகாட்டவில்லை.

இருமலைப் பற்றி நீங்கள் ஒரே வரியில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது பெரிய செய்தி. இரண்டு வாரம் நீடித்த இருமலுக்குக் காசநோய்க்கான சளிப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டில் எல்லோருக்குமான விதி. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கட்டணம் இல்லாமல் செய்வார்கள். நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தாலும் இருமல் வரும் என்பதால் மார்பு எக்ஸ்ரேயும் தேவைப்படலாம். காசநோய் என்று தெரிந்தால் அதற்கான மருந்துகளில் ரிஃபாம்பிசின் இருக்கும். இமாட்டினிப்பைக் கல்லீரலில் சிதைக்கும் நொதியை அது முடுக்கிவிடுவதால், ரத்தத்தில் இமாட்டினிப்பின் அளவு ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு குறைந்துவிடும். தினமும் தவறாமல் போட்டாலும் போடாதது போலத்தான். வலிப்புக்குக் கொடுக்கும் ஃபெனிட்டாய்ன், கார்பமசெபின் ஆகியவையும் இதே வேலையைச் செய்கின்றன. ஆகவே காசநோய்ப் பிரிவும் புற்றுநோய்ப் பிரிவும் ஒருவரோடொருவர் பேசிய பிறகே எந்த மருந்தும் தொடங்கப்பட வேண்டும். அதை நீங்கள்தான் கேட்டு நடத்திவைக்க வேண்டும்.

கடையில் கொடுத்த ஆன்டிபயாட்டிக்கின் அட்டையை எடுத்துப் பெயரைப் பாருங்கள். கிளாரித்ரோமைசின் அல்லது எரித்ரோமைசின் என்றிருந்தால் அவை எதிர்த்திசையில் வேலை செய்பவை; இமாட்டினிப் சிதையாமல் ரத்தத்தில் தேங்கி, பக்கவிளைவுகள் கூடும். அசித்ரோமைசினுக்கு இந்தத் தொல்லை பெரிதும் இல்லை. பெயர்கள் ஒன்றுபோல ஒலிப்பதால் வாயால் சொல்லாமல் அட்டையையே மருத்துவரிடம் காட்டுங்கள். படர்தாமரைக்குக் கொடுக்கும் இட்ராகோனசோல் மாத்திரையும் தேங்க வைக்கும் வகைதான். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதைச் சர்வசாதாரணமாக வாங்கிப் போடுகிறார்கள். ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின், கொழுப்புக்கு சிம்வாஸ்டாட்டின், ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் போன்றவை போடுகிறவராக இருந்தால், இமாட்டினிப்பால் அவற்றின் அளவு ஏறும். அதையும் சொல்லியாக வேண்டும். பல் பிடுங்கப் போனாலும் சரி, எந்த மருத்துவரைப் பார்த்தாலும் சரி, "நான் இமாட்டினிப் போடுகிறேன்" என்பதே அவர் சொல்லும் முதல் வாக்கியமாக இருக்கட்டும். உடல்வலிக்குக் கடையில் வலிமாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் அதை நிறுத்த வேண்டும். தட்டணு குறைந்திருக்கும் நேரத்தில் அது ரத்தக்கசிவை உண்டாக்கும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல் வந்தால் வீட்டு வைத்தியம் பார்க்காமல் மருத்துவமனைக்குப் போங்கள்.

பப்பாளி இலைச் சாற்றை அன்போடு கொடுக்கிறீர்கள் என்பது தெரிகிறது. ஆனாலும் நிறுத்திவிடுங்கள். இமாட்டினிப்பால் தட்டணு குறைந்தால் அதைச் சரிசெய்யும் வழி, மருந்தின் அளவை மருத்துவர் சீர்செய்வது. இடையில் சாறும் கஷாயமும் சேர்ந்தால், நாளை கல்லீரல் பரிசோதனையில் ஏதாவது ஏறி வரும்போது அது எதனால் என்று யாராலும் பிரித்துச் சொல்ல முடியாது. சித்த மருந்து, லேகியம், மஞ்சள் சத்துக் குளிகை எல்லாவற்றுக்கும் இதையே சொல்வேன். குழம்பில் போடும் மஞ்சள் வேறு விஷயம், அது இருக்கட்டும். பழங்களில் கிரேப்ஃப்ரூட்டும் அதன் நெருங்கிய உறவான பம்பளிமாஸும் மருந்தைத் தேங்க வைக்கும் என்பதால் தவிர்க்க வேண்டியவை. எலுமிச்சைக்கும் கமலா ஆரஞ்சுக்கும் தடை இல்லை.

விலை குறைந்த மாத்திரை என்பதால் வேலை செய்யவில்லையோ என்ற உங்கள் சந்தேகத்துக்குச் சற்று நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனெனில் அந்தக் குறைந்த விலைக்குப் பின்னால் சென்னையில் தொடங்கிய ஒரு வரலாறு உண்டு. இந்த மருந்தைக் கொண்டுவந்த நோவார்ட்டிஸ் நிறுவனம், இமாட்டினிப்பின் ஒரு படிக வடிவத்துக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது. சென்னைக் காப்புரிமை அலுவலகம் 2006இல் அதை மறுத்தது. மறுப்புக்கு அடிப்படையான சட்டப் பிரிவையே எதிர்த்துத் தொடுத்த வழக்கை 2007இல் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. கடைசியில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றமும் காப்புரிமை இல்லை என்று தீர்ப்பளித்தது. அந்தக் காலத்தில் நோவார்ட்டிஸின் மாத்திரை மாதத்துக்குச் சுமார் 1,20,000 ரூபாய் என்றும், இந்திய நிறுவனங்களின் மாத்திரை சுமார் 8,000 ரூபாய் என்றும் செய்திகள் சொல்லின. இன்று விலை அதைவிடவும் இறங்கியிருக்கிறது. மலிவாக இருப்பதற்குக் காரணம் சட்டமும் போட்டியும்தான். உள்ளே இருப்பது அதே மூலப்பொருள். பாதி நாள் விட்டுப்போன ஒருவரின் முடிவை வைத்து மாத்திரையின் தரத்தைக் குறை சொல்ல முடியாது. மாதத்துக்கு ஒரு நிறுவனமாக மாற்றாமல், இயன்றவரை ஒரே நிறுவனத்தின் மாத்திரையை ரசீதோடு வாங்குங்கள். மாறினால் மருத்துவரிடம் சொல்லி, அட்டையில் உள்ள தொகுதி எண்ணைக் குறித்து வையுங்கள்.

செலவைப் பாதியாக்குவதும் ஒரு காரணம் என்று நீங்கள் மறைக்காமல் எழுதியதை மதிக்கிறேன். அந்தக் காரணத்தையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். இமாட்டினிப் இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கிறது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் உங்கள் குடும்பத்துக்கு அட்டை உண்டா என்று உங்கள் கடிதத்திலிருந்து தெரியவில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் காப்பீட்டுப் பிரிவில் நோயின் பெயரையும் மருந்தின் பெயரையும் சொல்லிக் கேளுங்கள். பணத்துக்காக மாத்திரையைக் குறைப்பதற்கு முன் தட்டிப் பார்க்க வேண்டிய கதவுகள் அவை.

உங்கள் மகளுக்கு ஒரு வார்த்தை. கருவில் இருக்கும் குழந்தைக்குத் தீங்கு செய்யக்கூடிய மருந்து இது. மேலுறை உள்ள முழு மாத்திரையை அட்டையோடு எடுத்துக் கொடுப்பதால் கெடுதல் இல்லை; உடைந்த மாத்திரையையோ, பொடியையோ, கரைத்த தம்ளரையோ, அவர் வாந்தி எடுத்த துணியையோ அவள் தொட வேண்டாம். எளிய வழி, பிரசவம் முடியும் வரை அந்த வேலையை நீங்களே எடுத்துக்கொள்வதுதான். மாத்திரையை அதன் அட்டையிலேயே, அடுப்படியிலும் குளிர்சாதனப் பெட்டியின் தலையிலும் வைக்காமல், வெயிலும் ஈரமும் படாத அலமாரியில், பேரக் குழந்தை தவழும் காலத்தையும் நினைத்து உயரத்தில் வையுங்கள்.

எத்தனை காலம் என்ற கடைசிக் கேள்விக்கு, இப்போதைக்கு முடிவுத் தேதி இல்லாமல் தினமும் என்பதே பதில். ஆயினும் மருந்தை நிறுத்திப் பார்க்கும் வாய்ப்பு சிலருக்கு உண்மையிலேயே வருகிறது. குறைந்தது மூன்று ஆண்டு மருந்து, அதில் குறைந்தது இரண்டு ஆண்டு நோய்த் தடயம் 0.01 சதவீதத்துக்குக் கீழேயே நிற்பது, நிறுத்தியபின் மாதந்தோறும் மரபணுப் பரிசோதனை என்ற நிபந்தனைகளோடு மருத்துவர்கள் அதைச் செய்கிறார்கள். அப்போதும் ஏறத்தாழ பாதிப் பேருக்கு நோய் திரும்புகிறது, பெரும்பாலும் முதல் ஆறு மாதத்துக்குள். உடனே மாத்திரையைத் தொடங்கினால் பெரும்பாலும் மீண்டும் அடங்கிவிடுகிறது. அந்த நாளை உங்கள் கணவர் எட்ட வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

ஆன்டிபயாட்டிக்கின் பெயரைப் பார்த்து அதில் சிக்கல் இல்லையென்றால், சீட்டில் எழுதியபடி தினம் ஒரு மாத்திரை என்பதற்கு இன்றிரவுச் சாப்பாட்டிலிருந்தே திரும்பலாம். காலையில் மருத்துவமனைக்குத் தெரிவித்து, ஒரு ரத்தப் பரிசோதனைக்கும் கேளுங்கள். வீட்டுச் சுவரில் தொங்கும் நாள்காட்டியில், மாத்திரை போட்ட நாட்களில் மட்டும் அவரே கையால் ஒரு கோடு இழுக்கட்டும்; தவறிய நாளில் காரணத்தை எழுதட்டும். அடுத்த முறை போகும்போது அந்த நாள்காட்டியையும், காலியான மாத்திரை அட்டைகளையும், வீட்டில் அவர் போடும் எல்லா மருந்துகளையும் ஒரு பையில் எடுத்துப்போங்கள். சளிப் பரிசோதனையை மட்டும் அந்தச் சந்திப்பு வரை தள்ளிப்போடாதீர்கள். இந்த வாரமே ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அவரை அழைத்துச் செல்லுங்கள்.